தன்வீர் பாய் கைவைத்த மிஷின்

காஞ்சிபுரத்தில் அப்போது லினக்ஸ் என்றால் ஏதோ சோப்புக் கம்பெனி என்று நினைத்தவர்களே அதிகம். அதை வைத்துக்கொண்டு ஒருவன் பிழைக்கப் பார்த்தான் என்றால் அவனுக்கு மறை கழன்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் யார் பேச்சையும் கேட்காதவனாக இருக்க வேண்டும். ஒலிமுகமதுபேட்டை தன்வீர் இரண்டாவது ரகம். இரண்டு ரகமும் ஒன்றுதான் என்று அவன் மனைவி ரூக்ஷார் சொல்வாள். அதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கட்டிக்கொண்டவளுக்கு ஆயிரம் குறை இருக்கும்.

அவன் அப்பா ஜாஃபருக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்குப் பழுதுபார்க்கிற வேலை. வைகாசி பிறந்துவிட்டால், கருட சேவைக்கு விளக்குத் தூக்குகிறவர்கள் அவர் வீட்டு வாசலில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பெருமாள் வெளிச்சத்தில் வரவேண்டுமென்றால் ஜாஃபர் பாய் பம்பு வாஷர் மாற்றித் தரவேண்டும். இதை ஊரில் யாரும் ஓர் அதிசயமாகப் பேசியதில்லை. விளக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் கைப்பிடியில் ஒரு சீட்டுக் கட்டுவார். எதை மாற்றினேன், எதைத் தொடவில்லை என்று இரண்டும் அதில் எழுதியிருக்கும். அந்தச் சீட்டுப் பழக்கம் அப்படியே மகனுக்கும் ஒட்டிக்கொண்டது.

பாலிடெக்னிக் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நாளில், கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்த சிடியை வைத்துத்தான், கம்ப்யூட்டரை இயக்குகிற இந்த லினக்ஸைத் தன்வீர் பழகினான். முதல் மூன்று வாரம் திரையில் கறுப்பைத் தவிர எதுவும் வரவில்லை. அவன் அம்மா ரம்ஜான் பீ பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "படமே இல்லாத டி.வி.ய இன்னாத்துக்குடா இப்படிக் கண்ணு கொட்டாம பாத்துக்கினு இருக்கே?" என்று கேட்டாள். நாலாவது வாரம் படம் வந்தது. வந்ததும் அவன் அழுதுவிட்டான் என்பதை அவள் இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்லிக் காட்டுவாள்.

ஒரு பட்டுப்புடவையின் பார்டரும் முந்தானையும் முதலில் கட்டம் போட்ட தாளில்தான் பிறக்கின்றன. கட்டம் கட்டமாக வண்ணம் வைத்து, அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை அடித்து, அந்த அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே ஏற்றினால், கீழே மயிலும் யாளியும் வந்து விழும். தொண்ணூறுகளின் கடைசியில் அந்தக் கட்டத்தாள் கம்ப்யூட்டர் திரைக்கு மாறியது. திருட்டு சிடிகளும் கடைக்குக் கடை சுற்றிய பிளாப்பிகளும் கூடவே வந்தன. பிள்ளையார்பாளையத்தில் பட்டு முதலாளி தணிகாசலம் வீட்டோடு வைத்திருந்த டிசைன் ரூமில் ஒரு நாள் பிளாப்பியோடு ஒரு வைரஸும் நுழைந்து, ஏழு மாத டிசைனைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனது. ஏழு மாதம்! தணிகாசலம் இரண்டு வேளை சாப்பிடவில்லை. அவர் சாப்பிடாமல் இருந்தது அதற்கு முன்னால் எப்போது என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

அந்தச் சமயத்தில்தான் யாரோ சொல்லித் தன்வீர் அங்கே போனான். பெட்டியைத் துடைத்து, அந்த வைரஸ் ஒட்டாத லினக்ஸைப் போட்டான். கட்டம் போட்டு வரைய ஒரு நிரலும் ஏற்றிக் கொடுத்தான். மூன்று வருஷம் அந்த மிஷின் ஒரு நாளும் நின்றதில்லை. தணிகாசலம் வாய் ஓயாமல் சொன்னதில் பாதி பிள்ளையார்பாளையம் தன்வீரைக் கூப்பிட்டது. 2004ஆம் வருஷம் புரட்டாசியில் கணக்குப் பார்த்தால், ஊரில் பதினாலு டிசைன் ரூம் அவன் கையில் இருந்தது. அதற்கு மேல் ஒரு பெரிய விஷயமும் கூடிவந்திருந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருபது கம்ப்யூட்டர் வாங்குகிறது. அதன் செயலாளர் சக்ரவர்த்தி அவற்றைத் தன்வீரிடம் ஒப்படைக்கலாமா என்று தணிகாசலத்திடமே விசாரித்திருந்தார். "கண்ண மூடிக்கினு குடுங்க சாமி" என்று இவர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கமிட்டி கூடி முடிவு சொல்வதாகப் பேச்சு. பள்ளிக்கூடம் கிடைத்துவிட்டால் வீட்டு முன்னறையை விட்டு பஜாரில் ஒரு கடை எடுத்துவிடலாம் என்று தன்வீரும் ரூக்ஷாரும் கடைக்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள்.

தணிகாசலம் நல்ல மனிதர். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் வாய் முன்னால் ஓடும், மூளை பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும். பஞ்சாங்கம் பார்க்காமல் நகம் வெட்ட மாட்டார். ராகு காலத்தில் அவர் வாசற்படி தாண்டி யாரும் பார்த்ததில்லை. மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று ஆள் வந்து சொன்னபோதும், இன்னும் இருபது நிமிஷம் இருக்குது என்று செருப்பைப் போட்டுக்கொண்டு உள்ளேயே நின்றவர். மாமியார் வீட்டில் அதை இன்னும் மறக்கவில்லை.

அவருடைய டிசைன் ரூமில் வரைகிறவள் ஏலவார்குழலி. நாற்பது வயது, தறிக்காரர் வீட்டுப் பெண். கட்டத்தாளில் தூரிகை வைத்து இருபது வருஷம் வரைந்த கை, மூன்றே மாதத்தில் மவுசுக்குப் பழகிவிட்டது. ஆம்பிளைகள் பார்க்கிற வேலைக்கு ஒரு பொம்பளையா என்று சிலர் முணுமுணுத்தபோது, "உங்க ஆம்பளைங்க வரைஞ்ச மயிலு கோழி மாரி இருக்குதே, அதுக்கு இன்னா சொல்றே?" என்று தணிகாசலம் வாயை அடைத்தார். அந்த ஒரு வார்த்தைக்காகவே குழலி அவரிடம் விசுவாசமாக இருந்தாள். தன்வீரை அவள் தம்பி என்பாள். திரையில் இங்கிலீஷில் என்ன வந்தாலும் எழுத்துக்கு எழுத்து ஒரு நோட்டில் எழுதிவைத்து, அவன் வரும்போது காட்டுவாள். அவனுக்கு அப்படியொரு வாடிக்கை வேறெங்கும் அமையவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜை ஒரு வியாழக்கிழமை. நோன்பு மாதமும் தொடங்கியிருந்தது. தணிகாசலம் வீட்டில் ஆயுத பூஜை என்றால் குங்குமப் பொட்டோடு முடிகிற சமாசாரம் இல்லை. நாடா, அச்சு, ஓட்டை அடிக்கிற உளி, தறி மேலே இருக்கிற பெட்டி, எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, எண்ணெய் காட்டிச் சந்தனம் வைத்து, அதே வரிசையில் திரும்ப மாட்டவேண்டும். பூஜை முடிந்தால் மறுநாள் காலை வரை யாரும் எதையும் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி. அன்றைக்கு நல்ல நேரத்தில் புது டிசைனுக்கு முதல் கட்டம் போட்டாக வேண்டும். அவர் தாத்தா காலத்திலிருந்து அந்த வீட்டில் இது ஒரு வருஷம் தவறியதில்லை. அந்த விஜயதசமி வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலை எட்டேகாலுக்குத் தன்வீர் வீட்டில் போன் அடித்தது. ரம்ஜான் பீதான் எடுத்தாள். காதிலிருந்து அரை அடி தள்ளி வைத்துக்கொண்டு, "தன்வீர், உன் மொதலாளி. போனே தேவையில்ல போல, அங்கேர்ந்தே கேக்குது" என்றாள்.

மிஷின் எழவில்லை. சுவிட்சைப் போட்டால் இங்கிலீஷ் ஓடுகிறது, ஓடி நின்றுவிடுகிறது. இதைச் சொல்ல தணிகாசலத்துக்கு மூன்று நிமிஷமும் ஏழு வசவும் ஆயின. தன்வீர் ஸ்குரூ டிரைவர் பையையும் நாலைந்து சிடியையும் எடுத்துக்கொண்டு டி.வி.எஸ். ஃபிப்டி மொபெட்டை மிதித்தான். வழியெல்லாம் வண்டிகளுக்கு மாலை, வாழைக்கன்று. சந்துக்குச் சந்து உடைத்த பூசணிக்காய். அவன் மனசுக்குள் ஒரே ஒரு கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை அந்தப் பெட்டியைத் திறந்து மெமரிக்காக ஒரு ராம் சில்லு கூடுதலாகச் சொருகியவன் அவன்தான். அதை ஒழுங்காகச் சொருகினானா?

அவன் படியேறும்போது தணிகாசலம் போனில் இருந்தார்.

"ஆமா சாமுவேலு, நம்ம பாய் போட்டுக் குடுத்த மிஷினுதான். திங்கக்கெழம வந்து இன்னாவோ நோண்டிட்டுப் போனான், இன்னிக்கிப் படுத்துக்கிச்சு. விஜயதசமி அன்னிக்குப் பாரு! உன் ஆளுங்க யாருனா கேட்டா சொல்லிடு, ஒரு தடவைக்கு ரெண்டு தடவ யோசிக்கச் சொல்லு."

சாமுவேல் அட்டை அடிக்கிறவர். ஊரில் எந்த டிசைனும் அவர் கடையைத் தாண்டாமல் தறிக்குப் போகாது; எந்தச் செய்தியும் அப்படியே. தன்வீர் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டான்.

"வாப்பா," என்றார் தணிகாசலம் போனை வைத்துவிட்டு. "திருப்பருத்திக்குன்றத்து நயினாருக்கும் சொல்லிட்டேன். அவரும் உன்னாண்டதானே மிஷினு வெச்சிக்கினு இருக்காரு. அப்புறம் சின்ன காஞ்சிபுரத்துச் சாமிக்கும் போட்டேன். நான்தானே கண்ண மூடிக்கினு குடுங்கன்னேன்? கண்ணத் தொறந்து வெச்சிக்கோங்கன்னு சொல்லிட்டேன்."

கோபத்தில் மனிதர் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறார் பாருங்கள். அரை மணி நேரத்தில் மூன்று போன்! தன்வீர் மூன்று வருஷமாகச் சேர்த்த பெயர், ஏறக்குறைய அந்த அரை மணியில் கரைந்துவிட்டது. பள்ளிக்கூடமும் அதோடு போயிற்று. அவனுக்கு முதலில் வந்தது கோபம், அடுத்து பயம், பிறகு, ஒருவேளை தன் மேல்தான் தப்போ என்ற நினைப்பு. இந்த மூன்றாவதுதான் ஆளை உட்காரவைத்தது.

"பொட்டியத் தொறந்து பாக்கறேன் மொதலாளி."

"அதெல்லாம் வேணாம். நேத்து பூஜை போட்ட பொட்டி. மறுபடி அதுல நீ ஸ்குரூ டிரைவர வெச்சு இன்னும் கொஞ்சம் கெடுக்கவா? மொதல்ல இன்னா ஆச்சுன்னு சொல்லு. அப்புறம் தொறக்கலாமா வேணாமான்னு நான் சொல்றேன்."

குழலி நாற்காலியை அவனுக்கு இழுத்துப் போட்டாள். கையில் நோட்டு. திரையில் வந்த கடைசி மூன்று வரியை எழுத்து மாறாமல் எழுதிவைத்திருந்தாள். வேர் இருக்க வேண்டிய இடத்தில் வேர் இல்லை, இதற்கு மேல் நகர மாட்டேன் என்பதுதான் அந்த வரிகளின் சாரம். வேர் என்றால் லினக்ஸ் குடியிருக்கிற வீடு; எழும்போது முதலில் அதைத்தான் தேடும். அந்த வீடு டிஸ்கில் எந்த இடத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே எழுதிவைத்திருக்கும். எழுதின இடத்தில் வீடு இல்லையென்றால், பதறி அப்படியே நின்றுவிடும். அதற்கு அக்கம்பக்கத்தில் விசாரிக்கத் தெரியாது.

வீடு ஏன் இல்லை? டிஸ்க் செத்திருக்கலாம். செத்திருந்தால் அதில் இருக்கிறதெல்லாம் போச்சு. திங்கட்கிழமை எடுத்த நகல் சிடியில் இருக்கிறது, ஆனால் அதற்குப் பிறகு குழலி வரைந்தது இல்லை. அல்லது அவன் சொருகிய ராம் மோசமாக இருக்கலாம். தன்வீர் சிடி ஒன்றை எடுத்தான். டிஸ்கையே தொடாமல், சிடியிலிருந்து நேராக எழுகிற லினக்ஸ் அது. போட்டான். சிடி சுற்றுகிற சத்தத்தைத் தவிர அறையில் வேறு சத்தமில்லை. இரண்டு நிமிஷம் கழித்துத் திரையில் படம் வந்தது.

அப்படியானால் ராம் நன்றாக இருக்கிறது. அவன் மூச்சு விட்டான்.

அடுத்து டிஸ்கைத் தேடினான். டிஸ்க் இருந்தது. உள்ளே போனான். மயில், யாளி, ருத்ராட்சம், கோபுரம், முந்தாநாள் புதன்கிழமை குழலி வரைந்து முடித்த அன்னம் வரைக்கும் எல்லாம் பத்திரமாக இருந்தன. "அக்கா, உங்க அன்னம் நல்லாருக்குது" என்றான். குழலி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். காலையிலிருந்து அவள் அடக்கிவைத்திருந்த மூச்சு அது.

எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் எழ மாட்டேன் என்கிறது. அது எப்படி? தன்வீர், மிஷினுக்குள் எது எந்த இடத்தில் இருக்கிறது என்று லினக்ஸ் எழுதிக் காட்டுகிற பட்டியலைத் திறந்து மேலிருந்து படித்துக்கொண்டு வந்தான். முதல் இடத்தில் சிடி டிரைவ். மூன்றாம் இடத்தில் டிஸ்க்.

அவன் இன்னொரு தடவை படித்தான். அந்த மிஷினில் டிஸ்க் என்றைக்கும் முதல் இடம், சிடி டிரைவ் மூன்றாம் இடம். அவனே மாட்டியது. இரண்டுக்கும் தனித்தனி ஒயர். இரண்டு ஒயரும் பட்டையாக, சாம்பல் நிறமாக, ஒன்றைப் போலவே ஒன்று இருக்கும். போர்டில் இரண்டு வாயும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே அளவு. யாரோ அவற்றைக் கழற்றி இடம் மாற்றி மாட்டியிருக்கிறார்கள். மிஷின் முதல் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, ஆளில்லை என்று நின்றுவிட்டது. ஆளோ மூன்றாவது வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார்.

பெட்டியைத் திறக்காமலே இதைச் சரிசெய்ய ஒரு வழி இருந்தது. மூன்றாவது வீட்டில் பார் என்று ஒரு வரி திருத்தினால் போதும், மிஷின் எழுந்துவிடும். யாருக்கும் எதுவும் தெரியாது. தன்வீர் அந்த வரி வரைக்கும் போய்க் கையை எடுத்துவிட்டான். நாளைக்கு வேறு எவனாவது திறந்து ஒயரை ஒழுங்காக மாட்டினால், அன்றைக்கு மறுபடி மிஷின் படுக்கும். தெரிந்தே ஒரு பள்ளத்தை மூடி, மேலே பாயை விரித்துவிட்டுப் போக அவனுக்கு மனம் வரவில்லை.

"மொதலாளி, டிஸ்கு நல்லாருக்குது. டிசைனெல்லாம் இருக்குது. உள்ள ஏதோ சின்னக் கோளாறு. தொறந்தாதான் ஆகும்."

மணி ஒன்பது ஐம்பது. தணிகாசலம் கடிகாரத்தைப் பார்த்தார், சாமி படத்தைப் பார்த்தார். "தொற" என்று சொல்லிவிட்டு, பூஜைப் பாத்திரங்களை எடுத்துவைக்க உள்ளே போனார். குழலியும் அவர் பின்னால் போனாள்.

தன்வீர் பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே கோயில் மாதிரி இருந்தது. ஒரு பொட்டுத் தூசி இல்லை. டிஸ்கின் மேலே சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம். சிடி டிரைவுக்கு ஒரு பொட்டு, விசிறிக்கு ஒரு பொட்டு. தகட்டின் உள்பக்கம் அவன் ஒட்டிவைத்த சீட்டு: "18-10. ராம் 128 கூடுதலாகப் போட்டது. டிஸ்க், ஒயர் தொடவில்லை. தன்வீர்." அந்தச் சீட்டின் நாலு மூலையிலும் மஞ்சள் வைத்து, அவன் பெயருக்கு மேலே ஒரு குங்குமப் பொட்டு.

அவ்வளவு பயத்திலும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யார் கை என்று கேட்கவே வேண்டாம். கோடு பிசகாமல் அளவெடுத்து வைத்த பொட்டு. இருபது வருஷம் கட்டத்தாளில் பழகிய கையைத் தவிர வேறு யாரால் இப்படி வைக்க முடியும்? தறியைப் பிரித்து மாட்டுகிற வீட்டில் பிறந்தவள், கம்ப்யூட்டரையும் ஆயுதம் என்று நம்பியவள், அந்த ஊரிலேயே அவள் ஒருத்திதான். அவன் எழுத்துக்கும் சேர்த்துப் பூஜை போட்டிருக்கிறாள். சிரிப்பு அடங்கியதும் நெஞ்சை ஏதோ செய்தது.

சீட்டை எடுத்துக்கொண்டு போய்த் தணிகாசலத்திடம் நீட்டினால் விஷயம் முடிந்துவிடும். அவன் தப்பில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் பூஜை போட்டதால் மிஷின் நின்றது என்கிற வாக்கியம், அதுவும் விஜயதசமி அன்றைக்கு, அந்த வீட்டில், தன் வாயிலிருந்து வரக் கூடாது என்பதில் தன்வீர் தெளிவாக இருந்தான். அதோடு குழலியை அவர் என்ன சொல்வார்? நல்ல நாளில் மிஷினை நிறுத்தினவள் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால், ஏற்கெனவே முணுமுணுத்தவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிடும். பள்ளிக்கூடம் வேண்டும்தான். பதினாலு டிசைன் ரூமும் வேண்டும்தான். ஆனாலும் அவன் சீட்டை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டான். அப்புறம் இரண்டு ஒயரையும் பிடுங்கி மாற்றி மாட்டினான். ஒயரின் வாய்க்கு அருகில் இருந்த சந்தனத்தை மட்டும் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தான். மற்றப் பொட்டு எதையும் தொடவில்லை. தகட்டை மூடினான்.

பத்து மணி ஐந்து நிமிஷத்துக்கு மிஷின் எழுந்தது. இங்கிலீஷ் வரிசை ஓடி, நின்ற இடத்தைத் தாண்டி, குழலி வைத்திருந்த தாமரைப் படம் வந்தது. தணிகாசலம் கை கழுவிக்கொண்டு ஓடி வந்தார். புதுத் தாள் திறந்தாள் குழலி. அவர் கண்ணை மூடி, வாய்க்குள் ஏதோ சொல்லி, ஆள்காட்டி விரலால் மவுசை அழுத்தினார். முதல் கட்டம் அரக்குச் சிவப்பில் விழுந்தது. மணி பத்து பதினொன்று. அவர் முகத்தில் இருந்த கடுகடுப்பு பாதி இறங்கிவிட்டது.

குழலி ஒரு காகிதத்தில் பொரியும் கடலையும் அள்ளித் தன்வீரிடம் நீட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நோன்புல்ல உனக்கு! இரு, கட்டித் தர்றேன், சாயங்காலம் தொறக்கிறப்ப சாப்புடு" என்று பொட்டலமாக மடித்தாள். மடித்துக்கொண்டே, "இன்னாதான் ஆச்சு தம்பி?" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா. ரெண்டு ஒயரு எடம் மாறியிருந்துச்சு."

"மாத்துனது யாரு?" என்றார் தணிகாசலம்.

தன்வீர் பையை மூடினான்.

"உன்னதான்பா கேக்கறேன். திங்கக்கெழம தொறந்தது நீ. அதுக்கப்புறம் உள்ள யாரு போனாங்க? ஒயர மாத்தி மாட்டிட்டுப் போய்ட்டு, இன்னிக்கி வந்து அதையே சரி பண்ணிட்டு நிக்கிறே. இதுக்கு ஒரு மெக்கானிக்கா? நான் சாமிகிட்ட சொன்னது சரியாத்தான் போச்சு."

திங்கட்கிழமைக்கு அப்புறம் இரண்டு நாள் மிஷின் ஓடியதே என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அடுத்த கேள்வி நேராகப் பூஜைக்குத்தான் போகும்.

"நான் வர்றேன் மொதலாளி" என்று கிளம்பினான். செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு படி இறங்குவது இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை.

"நில்லு தம்பி" என்றாள் குழலி. பொட்டலத்தை மேசையில் வைத்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "அந்தப் பட்டை ஒயருங்களா?"

அவன் பார்வையைப் பொட்டலத்துக்குத் திருப்பினான். அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"மொதலாளி, அத நான்தான் கழட்னேன். புதன்கெழம சாயங்காலம். ஒவ்வொண்ணாக் கழட்டித் தொடச்சிப் பொட்டு வெச்சித் திரும்ப மாட்னேன். ரெண்டு ஒயரும் ஒரே மாரி இருந்துச்சு, ரெண்டு எடமும் ஒரே அளவு. எது எதுலன்னு எழுதிவெச்சிக்காம வுட்டது என் தப்பு. அட்டைக்கு நம்பர் போடாம கோத்த மாரி ஆயிப்போச்சு. இந்தப் புள்ள உள்ள அத்தனை பொட்டையும் பாத்துட்டுத்தான் வாயத் தொறக்கல."

தணிகாசலம் வாயைத் திறந்தார். "யாருடீ உன்ன அதைப் போயிக் கழட்டச் சொன்னது…"

"நீங்கதான்" என்றாள் குழலி.

அவள் குரலில் கோபமில்லை. நோட்டிலிருந்து படிக்கிறவள் மாதிரி நிதானமாகச் சொன்னாள். "போன வருஷம் மேலே மட்டும் பொட்டு வெச்சேன். இந்த வருஷம் நீங்க என்னைக் கூப்ட்டுச் சொன்னீங்க, உள்ள தூசிய வெச்சிக்கினு வெளிய பொட்டு வெச்சா அது பூஜையா, தறின்னா பிரிக்கிறோமில்ல, இதையும் பிரின்னு. நீங்களே ஸ்குரூ டிரைவர் எடுத்துக் குடுத்தீங்க."

தெருவில் ஒரு லாரி மாலையோடு போயிற்று. தணிகாசலம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் இன்னும் அந்த ஸ்குரூ டிரைவர் இருக்கிறதா என்று தேடுகிறவர் போல. வாய் முன்னால் ஓடுகிற மனிதர் என்று சொன்னேனே, அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவருடைய மூளை முன்னால் வந்து நின்றது. நின்றதும் அவர் மன்னிப்புக் கேட்பார் என்று தன்வீர் எதிர்பார்க்கவில்லை, அவரும் கேட்கவில்லை. நேராகப் போய் போனை எடுத்தார்.

"சாமுவேலு? நான்தான். காலைல பாயப் பத்திச் சொன்னேன்ல? அது தப்பு. மிஷின நிறுத்துனது நான். ஆமாம்பா, நான்தான், பிரிக்கச் சொன்னதே நான்தான். பாய் வந்து ராகு காலத்துக்கு முன்னாடியே எழுப்பிட்டான். யார் யார்கிட்ட சொன்னே? அவங்ககிட்டயும் இதைச் சொல்லிடு. இப்பவே சொல்லு."

வைத்துவிட்டு அடுத்த எண்ணைச் சுற்றினார். நயினாரிடமும் அதே வார்த்தை. அந்தப் பக்கம் சிரித்திருக்க வேண்டும். தணிகாசலத்தின் காது சிவந்தது, ஆனாலும் கடைசி வரைக்கும் சொல்லி முடித்தார்.

மூன்றாவது எண் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. வைத்துவிட்டு மறுபடி சுற்றினார். மறுபடியும் அடித்து அடித்து ஓய்ந்தது. சாமி பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் கமிட்டியை உட்காரவைத்து விஷயத்தை முடிக்கப் போகிறார் என்பது அவருக்கும் தெரியும், தன்வீருக்கும் தெரியும்.

"பரவால்ல மொதலாளி, அப்புறம் பேசிக்கலாம்" என்றான் தன்வீர். உண்மையாகவே சொன்னான். சாமுவேலிடம் பேசியதே அவனுக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

தணிகாசலம் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "உன் வண்டிய எடு."

"எங்க?"

"சின்ன காஞ்சிபுரத்துக்கு. நான் வாயால கெடுத்தத நானே போயிச் சொல்றேன். என் ஸ்கூட்டர் மாலையும் கீலையுமா நிக்கிது, அத அவுத்து எடுக்கறதுக்குள்ள கமிட்டி கலைஞ்சிடும்."

குழலி கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து முப்பத்தாறு. "மொதலாளி, ராகு காலம் பொறந்துடுச்சே" என்றாள் மெல்ல.

"தெரியும்மா" என்றார் தணிகாசலம்.

வாசற்படியில் ஒரு கணம் நின்றார். பிறகு வலது காலை எடுத்து வெளியே வைத்தார். எதிர்வீட்டில் தறிக்குப் பாவு நூல் சுற்றிக்கொண்டிருந்த வடிவு, கையிலிருந்ததை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தாள். மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து பழக்கமில்லாத அந்தப் பெரிய உடம்பு ஏறியதும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. தன்வீர் காலூன்றிச் சமாளித்தான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, முன்னால் உட்கார்ந்திருந்தான். பின்னாலிருந்து ஒரு கை அவன் தோளைப் பிடித்துக்கொண்டது.

"மெதுவாப் போப்பா" என்றார் தணிகாசலம். "எனக்குப் பயமா இருக்குது."